12 போர் தோட்டா: அளவு, ஈரம், கணக்கு

லைசென்ஸ் துப்பாக்கி உள்ள வீடுகளில் குழலுக்கு எண்ணெய் போடுவார்கள், கட்டைக்கு மெருகு ஏற்றுவார்கள், உறை தைத்துப் போடுவார்கள். தோட்டா மட்டும் வாங்கி வந்த அட்டைப் பெட்டியோடு பீரோவின் அடித்தட்டில் கிடக்கும். நாலு மழைக்காலம் தாண்டிய பிறகும் அதே இடத்தில் இருக்கும். துப்பாக்கி கெட்டால் துரு கண்ணுக்குத் தெரியும், கீல் ஆடும், விசை இறுகும். தோட்டா அப்படி எதையும் காட்டாது. கெட்டுப்போனது தெரிய வருவதே ட்ரிக்கரை இழுக்கும்போதுதான். ஆகவே துப்பாக்கிக்குக் கொடுக்கும் கவனத்தைவிட ஒரு பங்கு கூடுதலாகவே தோட்டாப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்பேன்.

இங்கே சொல்வது பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு; போர் என்பது குழலின் உள்விட்ட அளவு. வால்பாறை, கூடலூர், கொடைக்கானல் கீழ்மலை, ஏற்காடு என்று மலையோரத் தோட்டங்களில் தற்காப்புக்கு அதிகம் இருப்பது அதுதான். அங்கே ஜூன் பிறந்தால் சுவரே வியர்க்கும். சமவெளியில் பத்து வருடம் தாங்கும் தோட்டா அங்கே மூன்றே மழையில் பச்சை பூத்துவிடும்.

லைசென்ஸில் இரண்டு எண்கள்

லைசென்ஸ் புத்தகத்தில் தோட்டாவுக்கு இரண்டு அளவுகள் எழுதியிருப்பார்கள். ஒரே நேரத்தில் கையிருப்பில் எத்தனை இருக்கலாம் என்பது ஒன்று. ஒரு வருடத்தில் மொத்தம் எத்தனை வாங்கலாம் என்பது மற்றொன்று. பலர் இரண்டாவதை மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள். கையிருப்பு வரம்பு 50 என்றிருக்க, பழைய தோட்டா 30 வீட்டில் கிடக்க, புதிதாக 50 வாங்கி வந்தால், வருடக் கணக்கு சரியாகவே இருந்தாலும் நீங்கள் வரம்பை மீறியவர்தான். கடைக்காரர் உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பார்ப்பதில்லை. புத்தகத்தில் உள்ளதைப் பார்த்துக் கொடுப்பார். வீட்டில் எண்ணிவிட்டுப் போக வேண்டியது உங்கள் பொறுப்பு.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸில் எழுதிய போருக்கு உரிய தோட்டா மட்டுமே உங்களுடையது. தாத்தா காலத்து 16 போர் தோட்டா பத்து பரணில் கிடக்கிறது, அந்தத் துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்தாகிவிட்டது என்றால், அந்தப் பத்தும் லைசென்ஸ் இல்லாத தோட்டாக்கள். "நினைவுக்காக வைத்திருக்கிறோம்" என்ற பதில் எங்கும் எடுபடாது.

கணக்கு நோட்டு ஒன்று போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். வாங்கிய தேதி, கடை, பில் எண், தோட்டாவின் வகை, பெட்டியில் அச்சிட்ட லாட் எண், எண்ணிக்கை. பிறகு வெடித்த தேதி, எத்தனை, மீதி எத்தனை. வெடித்த தோட்டாவின் காலிக் கேஸ்களையும், அதாவது கூடுகளையும், எறியாதீர்கள். சில இடங்களில் அடுத்த முறை வாங்கப் போகும்போது பழைய காலிகளைக் கேட்பார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் "இத்தனை வாங்கியிருக்கிறீர்களே, எங்கே போயிற்று?" என்ற கேள்விக்கு நோட்டும் காலிகளும் சேர்ந்து பதில் சொல்லும். லாட் எண் எதற்கென்றால், ஒரு பெட்டியில் ஒன்று வெடிக்காமல் போனால் அதே லாட்டில் மிச்சம் இருப்பவை எவை என்று உடனே பிரித்து எடுக்கலாம்.

70 மில்லி தோட்டா 65 மில்லி அறைக்குள் போகும், அதுதான் ஆபத்து

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இதில்தான் நல்ல துப்பாக்கிகள் பாழாகின்றன.

12 போர் என்றால் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஒரு உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும். பெயர் வந்த கதை அவ்வளவுதான். ஆனால் எல்லா 12 போர் தோட்டாவும் ஒரே நீளம் கிடையாது. 65 மில்லி, 70 மில்லி, 76 மில்லி என்று உண்டு. அங்குலக் கணக்கில் இரண்டரை, இரண்டேமுக்கால், மூன்று.

இந்த நீளம் வெடித்த பிறகு விரிந்து நிற்கும் கூட்டின் நீளம். வெடிப்பதற்கு முன் வாய் மடிந்து மூடியிருக்கும்போது 70 மில்லி தோட்டா 60 மில்லிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே பழைய துப்பாக்கியின் 65 மில்லி அறைக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், அது தாராளமாக நுழையும், துப்பாக்கியும் ஒழுங்காக மூடிக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல், அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் கூம்புக்குள் போய் நெரிகிறது. தக்கையும் ரவையும் (ஈய உருண்டைகளும்) அந்த நெரிசல் வழியே வெளியேற வேண்டும். அழுத்தம் கூடுகிறது. ஒரு தடவையில் எதுவும் ஆகாமல் போகலாம். ஐம்பதாவது தடவையில் கீல் தளரும், கட்டை கழுத்தில் வெடிப்பு விடும். குழலில் ஏற்கெனவே பலவீனம் இருந்தால் அங்கே பிளக்கும். வெடித்த கூட்டின் வாய்ப்பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நுனி பிய்ந்து நூல்நூலாக இருந்தால் தோட்டா அறையைவிட நீளமா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

உங்கள் துப்பாக்கியின் அறை நீளம் எது என்று தெரிந்துகொள்ள, முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்து, அறைக்கு அடியில் தட்டையாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். புதிய துப்பாக்கிகளில் மில்லிமீட்டரில் அடித்திருப்பார்கள். இங்கிலாந்தில் செய்த பழைய துப்பாக்கிகளில் அங்குலத்தில் இருக்கலாம். அதைவிடப் பழையதில் நீளமே இருக்காது. வைர வடிவக் கட்டத்துக்குள் 12 என்ற எண்ணும், "நைட்ரோ ப்ரூஃப்" என்ற எழுத்தும், ரவையின் அதிகபட்ச எடை அவுன்ஸ் கணக்கிலும் இருக்கும். "நைட்ரோ" என்ற சொல்லே இல்லாவிட்டால் அந்தக் குழல் கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவை அதில் போடவே கூடாது. குழலின் மேல் பாம்புத் தோல்போல வரி ஓடினால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்த டமாஸ்கஸ் குழல். அழகானது, விலைமதிப்பானது. ஆனால் ஆயுதத் தொழிலாளி ஒருவர் அளந்து பார்த்துச் சொல்லும்வரை அதைச் சுவரில் மாட்டிவைக்கும் பொருளாகவே நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஒன்றுமே தெரியாவிட்டால் அறை நீளம் அளக்கும் கேஜ் அவரிடம் இருக்கும். ஐந்து நிமிட வேலை.

வாய்ப்பக்கம் குறுகலாக, அதாவது ஃபுல் சோக் உள்ள குழலில் ஒற்றைக் குண்டுத் தோட்டா போடுவதும் இதே வகைத் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துத் துப்பாக்கிகள் சிலவற்றில் "குண்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அடித்தே வைத்திருப்பார்கள். குழல் வாயில் குறுக்கிய இடத்தில் குழலளவுக் குண்டு வந்து மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் 12 போரும் 20 போரும் இரண்டும் இருந்தால் தோட்டாக்கள் ஒரே பெட்டியில், ஒரே பையில், ஒரே சட்டைப் பையில் சேரவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய், குழல் தொடங்கும் இடத்தில் விளிம்பு தட்டி நின்றுவிடும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகவே தெரியும். போட்ட தோட்டா எங்கே என்று யோசிக்காமல் 12 போர் ஒன்றைப் போட்டு வெடித்தால், முன்னால் இருப்பதும் சேர்ந்து வெடித்து, இடது கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழல் பிளக்கும். 20 போர் கூட்டுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது. ஆனால் நிறத்தை நம்பி இருக்காதீர்கள், அடியில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதேபோல் ஒரு குழப்பம் உண்டு. நம் நாட்டில் ".32" என்றே இரண்டையும் சொல்கிறோம். ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங், பிஸ்டலுக்கு உரியது .32 ஏ.சி.பி. பிஸ்டல் தோட்டாவுக்கும் சின்ன விளிம்பு இருப்பதால் பல ரிவால்வர் உருளைகளில் அது விழாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதன் அழுத்த வரம்பு ரிவால்வர் தோட்டாவைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். கடையில் "32 கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். முழுப்பெயர் சொல்லிக் கேட்டு, பெட்டியைத் திறந்து அடி எழுத்தைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

எந்த ரவை, எத்தனை

நம் நாட்டில் அதிகம் புழங்குவது புனேயின் கட்கி தோட்டாத் தொழிற்சாலையில் செய்த சக்திமான் தோட்டாக்கள். 1869-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. பெட்டியில் எல்.ஜி., எஸ்.ஜி., பி.பி., 4, 6 என்றெல்லாம் எழுதியிருக்கும். எழுத்து வகைகள் பெரிய உருண்டைகள்: எல்.ஜி. ஏறக்குறைய 9 மில்லி, எஸ்.ஜி. எட்டரை மில்லி, பி.பி. 4 மில்லி. எண் வகைகளில் எண் கூடக் கூட ரவை சின்னதாகும். 6-ஆம் எண் இரண்டரை மில்லி சொச்சம்தான்.

இந்த அளவு எதைத் தீர்மானிக்கிறது என்றால், குறி தவறிய ரவை எவ்வளவு தூரம் போகும் என்பதை. 6-ஆம் எண் ரவை சாய்வாக மேலே போனாலும் ஏறக்குறைய 200 மீட்டரில் விழுந்துவிடும். எஸ்.ஜி. 600 மீட்டருக்கு மேலும் போகும். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் லயன் வீடுகளோ சாலையோ இருந்தால் எஸ்.ஜி. தோட்டாவைக் கையிலெடுக்கும்முன் அந்த 600 மீட்டரை நினைக்க வேண்டும். சத்தம் காட்டப் பெரிய ரவை எதற்கு? விலங்கை விரட்டத்தான் என்றால் ரவை அளவு எதுவாக இருந்தாலும் சத்தம் சத்தம்தான். விலங்கைச் சுடுவது வேறு கதை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலிருந்து இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய துப்பாக்கி லைசென்ஸ் வேட்டைக்கு அனுமதி ஆகாது. திருவிழாவிலும் கல்யாணத்திலும் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம்வரை சிறையோ ஒரு லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

தேவைக்கு மேல் சேர்க்காதீர்கள். தற்காப்புக்கு என்று வைத்திருப்பவருக்குப் பத்து நல்ல தோட்டா போதும். பயிற்சிக்கு வருடம் இருபது முப்பது. வரம்பு 100 என்றால் 100-ஐயும் நிரப்பி வைப்பது, மலை ஈரத்தில் 80 தோட்டாவைக் கெடவிடுவதற்குச் சமம்.

ஈரம்

தோட்டாவுக்குள் ஈரம் இரண்டு வழியாக நுழைகிறது. அடியில் கேப், அதாவது ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி, பொருந்திய வட்ட இடுக்கு ஒன்று, மேலே நட்சத்திர மடிப்பின் நடுப்புள்ளி மற்றொன்று. காகிதக் கூடாக இருந்தால் சுவர் முழுவதுமே வழிதான். காகிதம் ஈரம் குடித்து உப்பி, அறைக்குள் பாதியில் நின்றுவிடும். அதைக் கட்டைவிரலால் அழுத்தித் திணிப்பதும், துப்பாக்கியை மூடி அழுத்துவதும் கூடவே கூடாது.

முதலில் அட்டைப் பெட்டியைக் கவனிக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. 20 லிட்டர் கொள்ளும் டப்பாவுக்குள் இருக்கும் காற்று, 25 டிகிரியில் முழுதாக ஈரம் நிறைந்திருந்தாலும், அதில் உள்ள தண்ணீர் அரை கிராம்கூட இருக்காது. ஆனால் மழைக்காலத்தில் நமுத்துப்போன அட்டைப் பெட்டி ஒவ்வொன்றும் அதைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தன் நாருக்குள் வைத்திருக்கும். அந்த அட்டையோடு டப்பாவுக்குள் போட்டு இறுக மூடினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல. ஆகவே ஒரு நல்ல வெயில் நாளில் தோட்டாக்களை நிழலில் துணி மேல் எடுத்து வைத்து, காலி அட்டையை மட்டும் வெயிலில் காயப்போட்டு, ஆறிய பிறகு திரும்ப அடுக்குங்கள். தோட்டாவை வெயிலில் வைக்கவே கூடாது.

டப்பா எது? மூடியில் ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள சமையலறை பிளாஸ்டிக் டப்பா போதும். ராணுவத் தகர டப்பா கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையில்லை. வளையம் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி இழுங்கள். எந்தப் பக்கம் எளிதாக உருவி வருகிறதோ அந்தப் பக்கம் காற்று போகும். உள்ளே 50 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். காய்ந்த அட்டைக்கும் காற்றுக்கும் அது தாராளம். நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு நிறம் பச்சையாகும். நிறம் மாறியதும் பையிலிருந்து தட்டில் கொட்டி, 120 டிகிரி அவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். அந்தத் தட்டை மறுபடி சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். நீல ஜெல்லில் உள்ள கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது. சின்ன ஈரமானி ஒன்றை உள்ளே வைத்தால் இன்னும் நல்லது. 40 முதல் 50 சதவீதம் என்று காட்டினால் நிம்மதி. 65-ஐத் தாண்டினால் ஜெல்லைச் சூடாக்கும் நாள் வந்துவிட்டது.

டப்பாவை வெளிச்சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காதீர்கள். உள்சுவர்ப் பக்கம், இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். அடுப்புக்கு மேல் பரணில் காய்ந்தபடி இருக்கும் என்று வைப்பது ஈரத்தைவிடக் கெடுதல். புகையற்ற மருந்து நைட்ரோ செல்லுலோஸால் ஆனது. அது மெதுவாகத் தானே சிதைகிற பொருள். சிதைவைத் தடுக்க ஒரு நிலைப்படுத்தியைக் கலந்திருப்பார்கள். வெப்பம் அந்த நிலைப்படுத்தியைத் தின்றுவிடும். அதே காரணத்துக்காக வெயிலில் நிறுத்திய ஜீப்பின் டேஷ்போர்டிலும் தோட்டா கிடக்கக் கூடாது. அங்கே 60 டிகிரிக்கு மேல் போகும். சூடேறிய மருந்து வெடிக்கும்போது அழுத்தமும் கூடும்.

ஏ.சி. அறையில் வைத்திருப்பவர்கள் வெளியே எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பித்தளையில் வெளிக்காற்று பட்டவுடன் பனி கோக்கும். ஒரு மணி நேரம் மூடியபடியே வெளியே இருக்கட்டும், பிறகு திறக்கலாம்.

தோல் தோட்டா பெல்ட் பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் அதில் தோட்டாவைச் செருகியபடி மாட்டி வைத்தால், தோல் பதப்படுத்திய புளிப்பும் அதில் ஊறிய ஈரமும் சேர்ந்து பித்தளையில் களிம்பு ஏற்றும். வேலை முடிந்த அன்றே உருவி டப்பாவுக்குள் போடுங்கள். களிம்பு ஏறாமல் இருக்கத் தோட்டாவுக்கு எண்ணெய் தடவும் பழக்கமும் வேண்டாம். மெல்லிய எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எல்லாமே கேப்பின் இடுக்கு வழியாக ஊர்ந்து உள்ளே போய்க் கேப்பைக் கொன்றுவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். துப்பாக்கி அறைக்குள்ளும் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கக் கூடாது. வெடிக்கும்போது கூடு அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் இருந்தால் வழுக்கி, முழு அடியும் குழலின் பின்வாயை மூடும் பின்பலகையில் விழும். சுடுவதற்கு முன் அறையை வறண்ட துணியால் ஒரு முறை துடைப்பது இதற்காக.

பெட்டியின் மேல் வாங்கிய மாதமும் வருடமும் மார்க்கரால் எழுதுங்கள். புதியது வந்தால் அடியில் போகட்டும், பழையது மேலே வரட்டும், பயிற்சிக்குப் பழையதே செலவாகட்டும். நன்றாக வைத்த தொழிற்சாலைத் தோட்டா பல பத்தாண்டுகள் தாங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் மலைப்பகுதியில் ஐந்து வருடத்துக்குள் சுற்றி முடித்துவிடுவதே என் பரிந்துரை.

பூட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவிகள் இரண்டும் வேறு வேறு இடத்தில்.

தீப்பிடித்தால் தோட்டா டப்பா குண்டுபோல் வெடிக்கும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. துப்பாக்கி அறைக்குள் அடைபடாத தோட்டா தீயில் பொட்டென்று கிழியும், கேப்பும் பித்தளைத் துண்டும் தெறிக்கும். துப்பாக்கியிலிருந்து போகும் வேகம் அதற்கு இருக்காது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பு பெரிய அளவில் எரித்துச் சோதித்துக் காட்டியதும் இதைத்தான். ஆனால் அறையில் ஏற்றியபடி இருக்கும் துப்பாக்கி தீயில் நிஜமாகவே சுடும். தீயணைப்பு வீரர்களிடம் வீட்டில் தோட்டா எங்கே இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எடுக்கும் முன் பார்வை

தோட்டாவை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடிப் பித்தளையில் மங்கல் இருந்தால் பரவாயில்லை, அது வெறும் பழுப்பு. பச்சைப் பொடியாகக் களிம்பு இருந்து, துடைத்தபின் குழி தெரிந்தால் ஒதுக்குங்கள். கேப் அடிமட்டத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் ஒதுக்குங்கள். துப்பாக்கியை மூடும்போதே அது அடிபடலாம். வாய் மடிப்பு விரிந்து ரவை எட்டிப் பார்த்தாலும், கூட்டில் கீறல் இருந்தாலும், மூக்கில் ஏறும் புளிப்பு நெடி வந்தாலும் ஒதுக்குங்கள். காதருகே மெதுவாக ஆட்டும்போது ரவை குலுங்கும் சத்தம் மற்றவற்றிலிருந்து மாறி, ஒரே கட்டியாகத் தட்டினால் கவனம்: பழைய தோட்டாவில் ஈயம் வெள்ளைப் பொடி பூத்து ரவைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அது ரவையாகச் சிதறாமல் கட்டியாகப் போகும். தூரக் கணக்கும் தப்பும், சோக்குக்கும் கேடு.

அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குத் துப்பாக்கியை மூட வேண்டாம். குழல்களைக் கழற்றித் தனியே எடுத்து, வாய் கீழ்நோக்கி இருக்க, தோட்டாவை அறையில் விடுங்கள். தன் எடையிலேயே இறங்கி விளிம்பு சமமாக உட்கார வேண்டும். கேப்பை அடிக்கும் ஊசியே பக்கத்தில் இல்லாததால் இந்தச் சோதனையில் ஆபத்து இல்லை. முடித்ததும் எண்ணி எடுங்கள்.

அதோடு குழலுக்குள் வெளிச்சம் பாருங்கள். நாள்கணக்கில் மாட்டியிருந்த துப்பாக்கியின் வாயில் குளவி மண்கூடு கட்டுவது நம் ஊரில் சாதாரணம். ஒரு விரல்கடை மண் போதும், குழல் வாய் பூவாக விரியும். தரையில் ஊன்றி நடந்தவர், வரப்பில் சறுக்கியவர் எல்லாரும் அடுத்த தோட்டாவுக்கு முன் இறக்கிப் பார்க்க வேண்டும்.

வெடிக்காத தோட்டா, புஸ்ஸென்ற தோட்டா

ட்ரிக்கரை இழுத்தும் "டிக்" என்றுமட்டும் கேட்டால், குழலைப் பாதுகாப்பான திசையிலிருந்து நகர்த்தாதீர்கள். மனதுக்குள் அறுபது எண்ணுங்கள். ஈரமான கேப்போ மருந்தோ தாமதமாகப் பற்றுவது உண்டு. திறந்த துப்பாக்கிக்குள் அது பற்றினால் பித்தளை பின்பக்கமாகக் கிழிந்து முகத்துக்கு வரும். அறுபது ஆனபிறகு முகத்தைப் பின்பலகைக்கு நேராக வைக்காமல் திறந்து, இரண்டு குழலிலிருந்தும் தோட்டாவை எடுங்கள்.

இப்போது கேப்பில் ஊசி பதிந்த தடத்தைப் பாருங்கள். நடுவில் ஆழமாகப் பதிந்தும் வெடிக்கவில்லை என்றால் குற்றம் தோட்டாவில்; அந்த லாட் முழுவதையும் தனியே வையுங்கள். தடம் மேலோட்டமாக இருந்தால் குற்றம் துப்பாக்கியில்: சுருள்வில் தளர்ந்திருக்கும், ஊசி தேய்ந்திருக்கும், அல்லது ஊசித் துளையில் பழைய எண்ணெய் கோந்தாக உறைந்திருக்கும். எப்போதும் ஒரே குழலில்தான் இப்படி ஆகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அந்தப் பக்கப் பூட்டை, அதாவது விசையும் ஊசியும் உள்ள பகுதியை, தொழிலாளியிடம் காட்டுங்கள். வெடிக்காத தோட்டாவை மறுபடி மறுபடி அடித்துப் பார்க்க வேண்டாம்.

அதைவிட மோசம், சத்தம் குறைந்து "புஸ்" என்று வருவது. தோளில் உதை இல்லை, வாயில் புகை சோம்பலாக வருகிறது என்றால் கேப் மட்டும் வேலை செய்து மருந்து ஈரத்தில் கிடந்திருக்கிறது. தக்கையும் ரவையும் குழலின் பாதியில் நிற்கலாம். அவசரத்தில் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் மோதிரம்போல் வீங்கும், அல்லது பிளக்கும். நிறுத்துங்கள், இறக்குங்கள், குழலைக் கழற்றி வானத்தை நோக்கி ஒரு முனையிலிருந்து பாருங்கள். அடைப்பு இருந்தால் மரக்கம்பியோ பித்தளைக் கம்பியோ கொண்டு தள்ளி எடுங்கள். இன்னொரு தோட்டாவால் அடைப்பை எடுக்கப் பார்ப்பது குழலுக்கும் கைக்கும் சேர்த்து முடிவு.

சுட்டு முடித்த கையில் ஈயப் படலம் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் கை வையுங்கள்.

வழியிலும், தேர்தல் நேரத்திலும்

துப்பாக்கிக்கு என்று ஒரு பை வைத்தால் அது துப்பாக்கிக்கு மட்டும். ரேஞ்சுக்கு எடுத்துப் போன பையிலேயே துணி அடுக்கிக்கொண்டு விமான நிலையம் போய், அடித்தையலில் ஒளிந்திருந்த ஒரே ஒரு தோட்டாவால் பயணத்தைத் தொலைத்தவர்கள் செய்தியில் வந்தபடியே இருக்கிறார்கள். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அது பின்னால் கிடைக்கும் நிவாரணம். அன்றைக்குக் காவல் நிலையம்தான். விமானத்தில் முறைப்படி கொண்டுபோக வேண்டுமானால் சரக்கில் ஏற்றும் பெட்டியில், தொழிற்சாலைப் பெட்டியிலோ அதற்கு நிகரான உறையிலோ, ஆளுக்கு மொத்த எடை 5 கிலோவுக்குள், விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு. 12 போர் தோட்டா ஒன்று 45 கிராம் சுமார் வரும். நூறு எடுத்தாலே வரம்பின் வாசலில் நிற்பீர்கள். அதற்குக் குறைவாகவே விமான நிறுவனம் எண்ணிக்கை வைத்திருந்தால் அதுவே வரம்பு.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். தோட்டாவையும் சேர்த்துக் கேட்டால் எண்ணிக்கையும் வகையும் லாட் எண்ணும் ரசீதில் எழுதி வாங்குங்கள். "தோட்டா – 1 பெட்டி" என்ற ரசீது எதற்கும் உதவாது. ஒப்படைக்கும்போது ஜெல் பையோடு சேர்த்து மூடிய டப்பாவாகவே கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அங்கே இரண்டு மாதம் எந்த அலமாரியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. திரும்ப வாங்கும்போது அங்கேயே எண்ணி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கெட்டதை என்ன செய்வது

கிணற்றில் போடுவது, குழி தோண்டிப் புதைப்பது, குப்பையோடு எரிப்பது மூன்றுமே தவறு. மாடு மேய்க்கும் பிள்ளை கையில் அது அகப்படும். வெட்டிப் பிரித்து மருந்தையும் ரவையையும் எடுக்கப் பார்ப்பதும் அப்படித்தான். காலிக் கூட்டில் மருந்து நிரப்பித் தோட்டா செய்வது உற்பத்தி லைசென்ஸ் இல்லாமல் குற்றம். அதற்கு மேல், அளவு தப்பிய ஒரு தோட்டாவுக்குப் பத்து விரலில் எத்தனையைக் கொடுப்பது?

வெள்ளத்தில் முழுகியது, களிம்பு குழி விழுந்தது, வெடிக்க மறுத்தது, யாருடையது என்று தெரியாமல் பரணில் கிடைத்தது, இவை எல்லாவற்றையும் தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொடுத்த எண்ணிக்கையை நோட்டில் கழித்து எழுதுங்கள்.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வீட்டார் உடனே செய்ய வேண்டியதும் இதுவே. துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று பலருக்குத் தெரியும். தோட்டாவும் சேர்ந்ததுதான் என்பது தெரியாது. நோட்டின் முதல் பக்கத்தில் துப்பாக்கி எண், லைசென்ஸ் எண், தோட்டா டப்பா இருக்கும் இடம், ஒப்படைக்க வேண்டிய காவல் நிலையத்தின் பெயர் நான்கையும் எழுதி, அந்தப் பக்கத்தை வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் இன்றைக்கே காட்டிவையுங்கள்.